மின்சாரத் திரைச்சீலைகள்: விற்கத் தொடங்குமுன் அறிய வேண்டியவை

திரைச்சீலை வியாபாரம் எம்மவர்கள் பலருக்குக் கைவந்த தொழில். புறக்கோட்டையில் துணியை மொத்தமாக எடுத்து, ஊரில் ஒரு சிறிய கடையை வைத்து, வீட்டுக்கு வீடு சென்று அளவெடுத்து, தைத்து, மாட்டிக் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொண்டால் அந்தக் கொடுக்கல் வாங்கல் அன்றோடு முடிந்துவிடும். துணி மங்கினால் அது வெயிலின் குற்றம். கிழிந்தால் பிள்ளைகளின் குற்றம். கடைக்காரரை யாரும் தேடி வருவதில்லை.

இந்த நிலை மாறிக்கொண்டு வருகின்றது. புதிதாக வீடு கட்டுவோரும் தொடர்மாடி வீடு வாங்குவோரும், "கைத்தொலைபேசியில் திறந்து மூடக்கூடிய கர்ட்டன் உங்களிடம் இருக்கின்றதா?" என்று கேட்கத் தொடங்கியுள்ளனர். இல்லை என்றால் அந்த வீட்டின் முழு ஓடரும் வேறு கடைக்குப் போகலாம். இருக்கின்றது என்றால், மாட்டிய நாளிலிருந்து வருடக் கணக்கில் அந்த வீட்டுக்கு நீங்கள் பொறுப்பாளியாகி விடுகின்றீர்கள். தினமும் காலையிலும் மாலையிலும் ஓட வேண்டிய ஓர் இயந்திரத்தை அங்கு விட்டுவிட்டு வந்திருக்கின்றீர்கள்.

இதனை ஒரு கணக்காகப் பார்ப்போம். ஒரு ஜன்னலில் உங்களுக்கு 15,000 ரூபா இலாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "கர்ட்டன் வேலை செய்யவில்லை" என்று அழைப்பு வருகின்றது. வாகனச் செலவும் தொழிலாளியின் அரை நாள் கூலியுமாக ஒரு பயணத்துக்கு 4,000 ரூபா. நான்கு தடவை போனால் 16,000. இலாபம் முழுவதும் தீர்ந்து, கையிலிருந்தும் 1,000 ரூபா போய்விட்டது. ஆகவே இத்தொழிலில் இலாபத்தைத் தீர்மானிப்பது மோட்டாரின் கொள்விலை மட்டுமல்ல. மாட்டிய பின் எத்தனை தடவை திரும்பிப் போக நேர்கின்றது என்பதுமாகும். அந்தப் பயணங்களைக் குறைக்கும் வழிகளையே இக்கட்டுரை ஒவ்வொன்றாக விளக்குகின்றது.

சாதனத்தின் அமைப்பு

மின்சாரத் திரைச்சீலைகள் பிரதானமாக இரு வகைப்படும். முதலாவது, பக்கவாட்டில் ஓடும் சாதாரணத் திரைச்சீலை. இதற்கு அலுமினிய ரெயில் ஒன்றும், அதனுள் ஓடும் பெல்ட்டும், பெல்ட்டுடன் இணைந்த ஓடிகளும் உண்டு. மோட்டார் ரெயிலின் ஒரு முனையில் கீழ்நோக்கித் தொங்கும். துணி ஒதுங்கும் மூலையில் அதன் பின்னால் மோட்டாரை மறைத்துவிடலாம். இரண்டாவது, மேலே சுருளும் ரோலர் திரை. இதில் குழாய் போன்ற மோட்டார், துணி சுற்றப்படும் உருளைக்குள்ளேயே புகுத்தப்பட்டிருக்கும்.

வெளித்தோற்றத்துக்கு இரண்டும் ஒரே வேலையைச் செய்வன. ஆனால் மின்சாரம் இல்லாத நேரத்தில் இவை நடந்துகொள்ளும் விதம் வேறு. ரெயில் மோட்டார்கள் பலவற்றைக் கையால் இழுத்துத் திறக்கலாம். ரோலர் மோட்டாரைப் பொதுவாக அவ்வாறு இழுக்க முடியாது. பலவந்தமாக இழுத்தால் துணி கிழியும் அல்லது மோட்டார் பழுதாகும்.

எமது நாட்டில் இது சிறிய விடயமல்ல. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. அப்படியொரு பகலில் இருட்டறையில் அமர்ந்திருக்கும் வாடிக்கையாளர் மின்சார சபையை மட்டும் திட்டமாட்டார். உங்களையும் சேர்த்தே திட்டுவார். ஆகவே வரவேற்பறைக்கும் படுக்கையறைக்கும் கையாலும் இழுக்கக்கூடிய வகையைச் சிபாரிசு செய்யுங்கள். ரோலர்தான் வேண்டும் என்பவருக்கு பற்றரி உள்ளே பொருத்தப்பட்ட மோட்டாரைக் காட்டுங்கள்.

"எங்கள் கூரையில் சோலார் இருக்கின்றது, பிரச்சினையில்லை" என்று சொல்பவர்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: அதனுடன் பற்றரி உண்டா? மின்சார சபையின் வலையமைப்புடன் மட்டும் இணைந்த சோலார் தொகுதி, மின்தடையின்போது பாதுகாப்புக் கருதித் தானாகவே நின்றுவிடும். பலர் இதனை மின்சாரம் போகும் நாளில்தான் அறிந்துகொள்கின்றனர்.

அளவும் பாரமும்

சாதாரணத் திரைச்சீலையில் ஓர் அங்குலம் பிசகினால் மடிப்பில் மறைத்துவிடலாம். மோட்டார் ரெயிலில் அது முடியாது. கீழ்வருவனவற்றை அளவெடுக்கும் கொப்பியில் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்.

1. துணியின் மொத்தப் பாரம். மோட்டார் வாங்கும்போது அது எத்தனை கிலோவை இழுக்கும் என்று பெட்டியில் எழுதியிருக்கும். ஆனால் நம் துணி எத்தனை கிலோ என்று பலர் பார்ப்பதில்லை. கணக்கு இலகுவானது. 3 மீற்றர் அகலம், 2.7 மீற்றர் உயரமுள்ள ஜன்னலுக்கு மடிப்புக்காக இரட்டிப்புத் துணி எடுத்தால் 6 மீற்றரை 2.7 ஆல் பெருக்க 16.2 சதுர மீற்றர். சதுர மீற்றருக்கு 300 கிராம் உள்ள துணி என்றால் ஏறத்தாழ 4.9 கிலோ. 250 கிராம் உள்ள வெளிச்சம் மறைக்கும் உள்துணியும் சேர்ந்தால் இன்னும் 4 கிலோ. தையல், நாடா, கொக்கி எல்லாம் சேர்த்து 10 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். பெட்டியில் எழுதப்பட்ட எல்லைவரை மோட்டாரை வேலை வாங்க வேண்டாம். பாதியளவில் ஓடும் மோட்டார் நீண்டகாலம் உழைக்கும்.

2. ஒதுங்கும் இடம். திரை திறந்தபின் துணி மூலையில் குவியும். ஜன்னலின் அகலத்துக்கு மட்டும் ரெயில் போட்டால் குவிந்த துணி கண்ணாடியை மறைக்கும். சுவரில் இடமிருப்பின் ரெயிலை இருபுறமும் நீட்டுங்கள்.

3. மேலே உள்ள பெட்டியின் ஆழம். சிவிலிங்கில் திரைச்சீலைப் பெட்டி அமைப்பவர்கள் ஒற்றைத் திரைக்குரிய இடத்தையே விட்டுவிடுகின்றனர். மென்துணி, கனத்துணி என இரண்டு ரெயில்கள் வருவதாயின் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் ஆழம் தேவை. சிவிலிங் வேலை தொடங்குமுன் பாஸிடம் இதனைச் சொல்லிவிட வேண்டும்.

4. தாங்கிகள். இரு தாங்கிகளுக்கிடையில் அரை மீற்றருக்கு மேல் இடைவெளி விடாதிருப்பது நல்லது. பாரம் கூடிய திரைக்கு ஜிப்சம் பலகையில் மட்டும் ஆணி அடிக்கக்கூடாது. பலகைக்கு மேலே மரச்சட்டமோ இரும்புச் சட்டமோ இருக்க வேண்டும்.

5. கரையோர வீடுகள். பேருவளை, காலி, காத்தான்குடி, கல்முனை போன்ற ஊர்களில் கடற்காற்றின் உப்பு சாதாரண இரும்பு ஆணியை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். துருப்பிடிக்காத உருக்கு ஆணிகளுக்கு ஆகும் மேலதிகச் செலவு மிகச் சிறியது.

மின் இணைப்பு

மோட்டார் இருக்கும் முனைக்கு அருகில், மேலே, ஒரு மின் இணைப்பு வேண்டும். சுவருக்குச் சாந்து பூசுமுன் வாடிக்கையாளர் உங்களைச் சந்தித்தால் இது சில மீற்றர் வயரோடு முடியும் வேலை. வர்ணம் பூசியபின் வந்தால் சுவரை வெட்ட வேண்டும். அல்லது பற்றரி மோட்டார் போட வேண்டும். ஆகவே வீடு கட்டும் கட்டத்திலேயே வயரிங் பாஸ்மாருடனும் கட்டட ஒப்பந்தகாரர்களுடனும் தொடர்பு வைத்துக்கொள்வது வியாபாரத்துக்கு நல்லது. பற்றரி மோட்டாரை விற்கும்போது, சில மாதங்களுக்கு ஒருமுறை அதனை சார்ஜ் செய்ய வேண்டும் என்பதையும், உயரமான ஜன்னலாயின் அதற்கு ஏணி வேண்டும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

230 வோல்ட் இணைப்பு வேலையைத் தையல் பகுதிப் பையன்களிடம் ஒப்படைக்கக்கூடாது. தகுதியுள்ள மின் தொழிலாளி ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கும் மூன்று விடயங்களை ஞாபகப்படுத்த வேண்டும்.

சாதாரண ரோலர் மோட்டாரில் நான்கு வயர்கள் இருக்கும்: மேலே போக ஒன்று, கீழே வர ஒன்று, நியூட்ரல், ஏர்த். மேலே போவதற்கும் கீழே வருவதற்கும் உரிய வயர்களில் ஒரே நேரத்தில் மின்சாரம் பாய்ந்தால் மோட்டார் கருகிவிடும். எனவே ஒன்று அழுத்தப்படும்போது மற்றையது தானாக விடுபடும் திரைச்சீலைச் சுவிச்சையே பயன்படுத்த வேண்டும். இரண்டு சாதாரண விளக்குச் சுவிச்சுகளைப் போட்டு வேலையை முடிக்கக்கூடாது.

இரண்டு ரோலர் மோட்டார்களை ஒரே சுவிச்சில் நேரடியாகச் சேர்த்துக் கட்டக்கூடாது. ஒன்று தன் எல்லையை அடைந்து நிற்கும்போது மற்றையதிலிருந்து மின்சாரம் பின்வழியாகப் பாய்ந்து இரண்டையும் பழுதாக்கலாம். இதற்கெனப் பிரித்துக் கொடுக்கும் ரிலே பெட்டிகள் கிடைக்கின்றன.

மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் எமது நாட்டில் இடிமின்னல் அதிகம். முழு வீட்டுக்கும் மோட்டார் போடும் வாடிக்கையாளரிடம், பிரதான மின் பெட்டியில் மின்னெழுச்சித் தடுப்பான் ஒன்றைப் பொருத்தும்படி எழுத்திலேயே ஆலோசனை வழங்குங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் உள்ள சிறு துவாரங்களையும் மூடிவிடுங்கள். எறும்பும் பல்லியும் புகுந்து நின்றுபோகும் சாதனங்கள் இங்கு ஏராளம்.

மின்கட்டணம் எவ்வளவு கூடும் என்று கேட்பார்கள். 40 வாட் மோட்டார் ஒரு நாளைக்குத் திறக்க 12 செக்கனும் மூட 12 செக்கனும் ஓடினால், ஒரு வருடத்துக்கு ஏறத்தாழ 0.1 அலகு மாத்திரமே செலவாகும். ஆனால் கட்டளைக்காக விழித்திருக்கும் பகுதி, ஓடாத நேரத்திலும் மின்சாரம் எடுக்கும். அது 1 வாட் என்றால் வருடத்துக்கு 8.76 அலகு. ஓடுவதற்கு ஆவதைப் போல் ஏறக்குறைய 90 மடங்கு. ஒரு மோட்டாருக்கு இது பெரிதல்ல. 20 மோட்டார் உள்ள வீட்டில் வருடத்துக்கு 175 அலகாகும். ஆகவே வாங்கும்போது இந்தக் காத்திருப்பு மின்அளவையும் பார்த்து வாங்குங்கள்.

கட்டளை செல்லும் வழி

ரிமோட்டிலிருந்தும் கைத்தொலைபேசியிலிருந்தும் கட்டளை மோட்டாரைச் சென்றடையப் பல வழிகள் உண்டு. இவற்றின் வேறுபாடு தெரியாமல் விற்பதாலேயே பாதிப் பிரச்சினைகள் எழுகின்றன.

433 மெகாஹேர்ட்ஸ் ரிமோட்: விலை குறைந்தது, சுவரைக் கடந்தும் நன்றாக வேலை செய்யும், இணையமே தேவையில்லை. ஆனால் மலிவான வகைகளில் இது ஒருவழிப் பேச்சு. ரிமோட் கட்டளையிடும், மோட்டார் பதில் சொல்லாது. அதனால் திரை திறந்திருக்கின்றதா, மூடியிருக்கின்றதா என்பது வீட்டின் தானியங்கித் தொகுதிக்குத் தெரியவராது.

வைஃபை: தனிப் பெட்டி எதுவும் தேவையில்லை, வீட்டு ரவுட்டருடன் நேரடியாக இணையும். இதில் இரு குறைகள் உண்டு. இவ்வகை மோட்டார்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்குவதால், முதன்முதல் இணைக்கும்போது கைத்தொலைபேசியும் அதே அலைவரிசையில் இருக்க வேண்டும். அடுத்து, வாடிக்கையாளர் இணையச் சேவை நிறுவனத்தை மாற்றினால் புதிய ரவுட்டர் வரும். அன்றே வீட்டிலுள்ள அத்தனை திரைகளும் தொடர்பை இழந்துவிடும். உடனே உங்களுக்கு அழைப்பு வரும். புதிய ரவுட்டரிலும் பழைய வைஃபை பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் அப்படியே இட்டால் போதும், பெரும்பாலும் எல்லாம் தாமாகவே மீண்டும் இணைந்துவிடும். இந்த ஒரு வரியை உத்தரவாத அட்டையில் அச்சிட்டாலே பல பயணங்கள் மிச்சமாகும்.

ஸிக்பீ: இதற்கு நடுவில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி தேவை. ஆனால் நேரடி மின்சாரத்தில் இயங்கும் சாதனங்கள் பல, அடுத்த சாதனத்துக்குச் செய்தியைக் கடத்திவிடும். கொங்கிரீட் தட்டுக்கு மேலே உள்ள மாடி அறைகளுக்கு இது வசதியானது. பற்றரியில் இயங்குபவை அவ்வாறு கடத்துவதில்லை. எனவே பற்றரி மோட்டார்கள் மட்டுமே உள்ள மாடியில், இடையில் மின்சாரத்தில் இயங்கும் ஸிக்பீ சாதனம் ஒன்றை வைக்க வேண்டும்.

மேட்டர்: வெவ்வேறு கம்பனிகளின் பொருட்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்காக 2022 ஒக்டோபரில் வெளியான பொதுத் தரம் இது. ஜன்னல் திரைகள் அதன் முதற் பதிப்பிலேயே சேர்க்கப்பட்டிருந்தன. கட்டளைகள் வீட்டுக்குள்ளேயே செல்லும் வகையில் இது வடிவமைக்கப்பட்டுள்ளது. புதிதாகச் சரக்கு எடுப்பவர்கள் பெட்டியில் இந்தச் சின்னம் உண்டா என்று பார்ப்பது நல்லது.

கம்பனி கடையை மூடினால்?

மலிவான சாதனங்கள் பலவற்றில், நீங்கள் கைத்தொலைபேசியில் "திற" என்று அழுத்தினால் அந்தக் கட்டளை வெளிநாட்டில் உள்ள ஒரு கணினிக்குச் சென்று, அங்கிருந்து திரும்பி வந்தே எதிரில் இருக்கும் மோட்டாரைச் சேரும். இணையம் அறுந்தால் கட்டளையும் அறும். 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயலின்போது பல பிரதேசங்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் நின்றதை நாம் கண்டோம். எனினும் இணையம் சில நாட்களில் திரும்பி வரும். கம்பனியே இல்லாமற் போனால் என்ன செய்வது?

இது கற்பனையல்ல. ரிவோல்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டி அமெரிக்காவில் 300 டொலர் அளவில் விற்பனையானது. அந்தக் கம்பனியை 2014 இல் கூகுளுக்குச் சொந்தமான நெஸ்ட் நிறுவனம் வாங்கியது. 2016 மே 15 ஆம் திகதியுடன் அதன் சேவை நிறுத்தப்பட்டது. காசு கொடுத்து வாங்கிய பெட்டிகள் அன்றிலிருந்து பயனற்றுப் போயின. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியோன் என்ற கம்பனியின் கணினிகள் முன்னறிவித்தல் எதுவுமின்றி நின்றன. கைத்தொலைபேசியால் வீட்டை இயக்கிவந்த பாவனையாளர்கள் திகைத்துப் போயினர். பின்னர் அதன் வாடிக்கையாளர்களுள் ஒரு குழுவினரே கம்பனியை வாங்கி, அதே வருடம் ஜூன் மாதத்தில் சேவையை மீண்டும் ஆரம்பித்தனர். இதில் கவனிக்க வேண்டியது யாதெனில், வீட்டுக்குள்ளேயே ஒன்றோடொன்று நேரடியாக இணைக்கப்பட்டிருந்த சுவிச்சுகள் அந்த இடைக்காலத்திலும் வேலை செய்துகொண்டிருந்தன.

அமெரிக்கக் கம்பனி மூடினால் அங்குள்ள வாடிக்கையாளர் அந்தக் கம்பனியின் பெயரைச் சொல்வார். எமது ஊரில் வாடிக்கையாளருக்குக் கம்பனியின் பெயர் தெரியாது. உங்கள் கடையின் பெயர்தான் தெரியும். ஆகவே ஒரு சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்: இணையம் இல்லாமலும் சுவர்ச் சுவிச்சாலோ ரிமோட்டாலோ இயங்காத எந்தத் திரையையும் விற்பதில்லை. கைத்தொலைபேசி ஒரு மேலதிக வசதி. அது ஒன்றே வழியாக இருக்கக்கூடாது.

கொஞ்சம் விடயம் தெரிந்த வாடிக்கையாளருக்கு, 2013 இல் ஆரம்பிக்கப்பட்ட ஹோம் அசிஸ்டன்ட் என்ற திறந்த மூல மென்பொருளையும் சொல்லலாம். அது வீட்டிலுள்ள ஒரு சிறு கணினியிலேயே இயங்குவது. வெளியாரின் கணினியைச் சார்ந்திருப்பதில்லை. ஆனால் அதனைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவர் அந்த வீட்டில் இருக்க வேண்டும்.

தானாக இயங்கும் விதிகள்

ரிமோட்டில் திறப்பது வசதி. யாரும் சொல்லாமல் தானே திறப்பதுதான் தானியக்கம். அதற்கான விதி எப்போதும் மூன்று கேள்விகளுக்கு விடையாக அமையும்: எப்போது, என்ன நிலைமையில், எதைச் செய்ய வேண்டும்?

வெளிநாட்டு விளம்பரங்களில் "சூரியன் உதிக்கும்போது திறக்கும்" என்பதைப் பெரிதாகக் காட்டுவார்கள். அங்கு உதய நேரம் பருவத்துக்குப் பருவம் பல மணித்தியாலங்கள் மாறும். கொழும்பில் வருடம் முழுவதும் காலை 5.50 இலிருந்து 6.30 வரையான இடைவெளிக்குள்ளேயே சூரியன் உதித்துவிடும். எனவே எமக்கு ஒரு குறித்த மணிநேரமே போதும். அந்த வசதிக்காக வாடிக்கையாளர் மேலதிகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

எமக்குப் பயன்படுவது வெயிலைப் பற்றிய விதிதான். மேற்குப் பார்த்த ஜன்னலில் பிற்பகல் 2 மணியிலிருந்து வெயில் உள்ளே விழும். "பிற்பகல் 2 மணி ஆனதும், அறை வெப்பநிலை 30 பாகைக்கு மேற்பட்டிருந்தால், மேற்குத் திரையை மூடு" என்பது நல்லதொரு விதி. மழை நாளில் வெப்பநிலை குறைவாக இருக்கும். திரையும் வீணாக மூடாது. இதனால் வளிச்சீராக்கியின் வேலை ஓரளவு குறையும். எனினும் "மின்கட்டணம் பாதியாகிவிடும்" என்பது போன்ற வாக்குறுதிகளைக் கொடுக்காதீர்கள். உள்ளே தொங்கும் திரை, கண்ணாடியைக் கடந்து ஏற்கனவே உள்ளே வந்துவிட்ட வெப்பத்தையே எதிர்கொள்கின்றது. ஜன்னல் பக்கம் வெள்ளை நிற உட்துணி இருந்தால் அதில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான்.

வீதிப் பக்கத் திரைகளுக்கு, மாலையில் அறையின் விளக்கு எரிந்ததும் மூடும் விதி பொருத்தமானது. இருட்டியபின் வெளியிலிருந்து உள்ளே தெரிவதை அது தடுக்கும். எந்த விதியானாலும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: வீட்டார் கையால் திறந்தாலோ மூடினாலோ அடுத்த சில மணித்தியாலங்களுக்கு விதி குறுக்கிடக்கூடாது. தாய் திறந்த திரையை இயந்திரம் மூடினால், முதல் வாரத்திலேயே வீட்டார் அதனை நிறுத்திவிடுவர்.

வாடிக்கையாளரின் அந்தரங்கம்

பொருத்தும் பையன் அவசரத்தில் தனது கைத்தொலைபேசியில், தனது மின்னஞ்சலில் கணக்கைத் திறந்து வேலையை முடித்துவிடுவான். அதன் பொருள் என்ன? அந்த வீட்டின் படுக்கையறைத் திரையை அவன் எங்கிருந்தும் திறக்கலாம்; அது எப்போது மூடியிருக்கின்றது என்பதையும் பார்க்கலாம். அவன் நல்லவனாகவே இருக்கட்டும். ஒருநாள் வாடிக்கையாளருக்கு இது தெரியவந்தால் அந்தக் குடும்பமும் அதன் உறவினரும் உங்கள் கடைப் படி ஏறமாட்டார்கள்.

கணக்கு எப்போதும் வீட்டுக்காரரின் தொலைபேசியில், அவரது பெயரில், அவரே தெரிவுசெய்த கடவுச்சொல்லுடன் திறக்கப்பட வேண்டும். பரீட்சார்த்தமாக உங்கள் ஆட்களின் தொலைபேசி இணைக்கப்பட்டிருந்தால், வேலை முடிந்ததும் வீட்டுக்காரரின் கண் முன்னாலேயே அதனை நீக்குங்கள். ஒப்படைப்புப் பத்திரத்தில் இதற்கென ஒரு வரி வைத்து அவரது கையொப்பத்தைப் பெறுங்கள்.

பிள்ளைகளின் பாதுகாப்பு

கயிறு தொங்கும் பிளைண்ட்கள் குழந்தைகளின் கழுத்தில் சிக்கி மரணங்களை ஏற்படுத்தியுள்ளன. இதனால் அமெரிக்காவில், 2018 டிசம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்த தரத்தின்படி, கடைகளில் ஆயத்தமாக விற்கப்படும் ஜன்னல் திரைகள் கயிறற்றவையாகவோ எட்டாத கயிறுடையவையாகவோ இருத்தல் வேண்டும். மோட்டார் திரையில் தொங்கும் கயிறே கிடையாது. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டாருக்கு நீங்கள் சொல்லக்கூடிய மிக நேர்மையான விற்பனைக் காரணம் இது. எழுந்து நடக்கச் சிரமப்படும் வயோதிபருக்கும் நோயாளிக்கும் பயன்படும் என்பது மற்றொன்று. அதேவேளை பற்றரியை சார்ஜ் செய்யும் வயரைக் கட்டிலுக்கு மேலே தொங்கவிட்டு வந்தால் இந்த நன்மை இல்லாமற் போகும்.

சரக்கு எடுக்கும்போது

வெளிநாட்டிலிருந்து உறவினர் மூலம் கொண்டுவரும் மோட்டார்களில் கவனம் தேவை. அமெரிக்காவுக்கென உற்பத்தியானவை 120 வோல்டில் இயங்குபவை. சவூதி அரேபியாவின் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ். எமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். 60 ஹேர்ட்ஸுக்கு மட்டும் செய்யப்பட்ட மோட்டார் இங்கு மெதுவாக ஓடிச் சூடாகும். மோட்டாரின் தகட்டில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் என்று இருக்கின்றதா என வாசித்துப் பார்த்தே வாங்குங்கள்.

வானொலி அலைகளை வெளியிடும் சாதனங்களின் இறக்குமதியும் விற்பனையும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. ரிமோட், வைஃபை, ஸிக்பீ யாவும் இதில் அடங்கும். ஆகவே ஓடர் கொடுக்குமுன், மொடல் இலக்கத்துடன் ஆணைக்குழுவிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். சரக்கு துறைமுகத்தில் கிடக்கும்போது ஓடித்திரிவதை விட இது செலவு குறைந்தது. நீங்கள் இறக்குமதி செய்யாமல் உள்நாட்டு முகவரிடம் வாங்குவதாயின், அனுமதி உண்டா என்பதற்கான பத்திரத்தை அவரிடம் கேளுங்கள்.

ஒரே நேரத்தில் நான்கைந்து வகைகளைக் கடையில் வைக்க வேண்டாம். ஒரு ரெயில் வகை, ஒரு ரோலர் வகை போதும். ஒவ்வொரு பத்து மோட்டாருக்கும் ஒரு மேலதிக மோட்டார், சில ரிமோட்டுகள், பெல்ட், ஓடிகள் என்பவற்றை அலுமாரியில் ஒதுக்கி வையுங்கள். மூன்று வருடங்களின் பின் அந்த மொடல் சந்தையில் இல்லாதபோது அந்த அலுமாரிதான் உங்களைக் காப்பாற்றும்.

விலைமனுவும் உத்தரவாதமும்

விலைமனுவில் துணி, தையல், ரெயில், மோட்டார், மின் வேலை, இணைத்துக் கொடுக்கும் கூலி என ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதுங்கள். ஒரே தொகையாக எழுதினால், பிற்காலத்தில் எது உங்கள் பொறுப்பு என்பதில் பிணக்கு வரும். உத்தரவாதத்தையும் அவ்வாறே பிரித்துக் கொடுங்கள். மோட்டாருக்கு எவ்வளவு காலம், பற்றரிக்கு எவ்வளவு காலம், எத்தனை இலவச வருகைகள், அதன் பின் ஒரு வருகைக்கு எவ்வளவு கட்டணம், மின்னலாலும் ரவுட்டர் மாற்றத்தாலும் ஏற்படும் கோளாறு யாருடைய பொறுப்பு என்பன எழுத்தில் இருக்க வேண்டும்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கொடுத்த உத்தரவாதத்துக்கு இணங்காத பொருள் பற்றி வாடிக்கையாளர் அதிகாரசபையிடம் முறையிட முடியும். வாயால் சொன்னதை நிரூபிப்பது இரு தரப்புக்கும் கடினம். எழுதிய ஒரு பக்கம் வாடிக்கையாளரைப் பாதுகாப்பது போலவே உங்களையும் பாதுகாக்கும்.

முதலில் உங்கள் கடையில்

இத்தனையையும் வாசித்தபின் இத்தொழிலில் இறங்க விரும்புபவர், முதல் மோட்டாரை வாடிக்கையாளரின் வீட்டில் மாட்ட வேண்டாம். உங்கள் கடையின் முன் ஜன்னலில் மாட்டி ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். அந்த மாதத்தில் செய்ய வேண்டிய சோதனைகள் இவை.

1. பிரதான சுவிச்சை நிறுத்திவிட்டுக் கையால் இழுங்கள். திரை வருகின்றதா?

2. மின்சாரத்தைத் திரும்பக் கொடுங்கள். மோட்டார் தன் எல்லைகளை ஞாபகத்தில் வைத்திருக்கின்றதா, அல்லது மறுபடியும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கின்றதா?

3. ரவுட்டரிலிருந்து இணையத்தைக் கழற்றுங்கள். சுவர்ச் சுவிச், ரிமோட், நேர விதி ஆகியவற்றில் எவை வேலை செய்கின்றன?

4. ரவுட்டரை மாற்றி, அதே பெயரையும் கடவுச்சொல்லையும் இடுங்கள். தானாக இணைகின்றதா?

5. ஓடும்போது நடுவில் ஒரு கதிரையை வைத்துத் தடுங்கள். மோட்டார் நிற்கின்றதா, இழுத்துக்கொண்டே இருக்கின்றதா?

6. ரோலர் மோட்டாரை இடைவிடாது ஓட்டுங்கள். பெரும்பாலானவை நான்கு நிமிட அளவில் சூடாகித் தாமாகவே நின்று, ஆறியபின் மீண்டும் இயங்கும். இது கோளாறல்ல, பாதுகாப்பு. ஆனால் புது வீட்டில் விருந்தினருக்குத் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டும் வாடிக்கையாளருக்கு இது தெரியாது. முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஓர் அழைப்புக் குறையும்.

7. உங்கள் கடையில் தொழில்நுட்பம் அறவே தெரியாத ஒருவரிடம் சுவிச்சைக் காட்டாமல் "திரையைத் திறவுங்கள்" என்று சொல்லுங்கள். அவர் எங்கு தேடுகின்றாரோ அங்குதான் வாடிக்கையாளரின் வீட்டிலும் சுவிச் இருக்க வேண்டும்.

இந்த ஏழு சோதனைகளின் விடைகளையும் ஒரு தாளில் எழுதி, விலைமனுவுடன் இணைத்துக் கொடுங்கள். மின்சாரம் இல்லாதபோது இது செய்யும், இது செய்யாது. இணையம் இல்லாதபோது இது செய்யும், இது செய்யாது என்று அதில் தெளிவாக இருக்கட்டும். செய்யாதவற்றையும் எழுதிக் கொடுத்தால் ஓடர் கைநழுவிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பல இலட்சம் செலவு செய்து வீடு கட்டுபவர் பல கடைகளில் விலை கேட்டுவிட்டே உங்களிடம் வருகின்றார். குறைகளையும் சேர்த்து எழுதிய தாள் அவர் கையில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதில் உங்கள் கடையின் தொலைபேசி இலக்கமும் இருக்கும்.